ஹட்டனோடு முடிந்த பயணம்

செங்கலடிச் சந்தியிலிருந்து மேற்கே திரும்பும் பெருவீதி மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று படிப்படியாக ஏறிப் பதுளையைத் தொடுகிறது. அங்கிருந்து வெலிமடை வழியாக நுவரெலியா. கடல் மட்டத்தை ஒட்டிய வயல்வெளியில் புறப்படுகிறவர் 1,868 மீற்றர் உயரத்தில் போய் நிற்பார். பஸ்ஸில் போனால் ஒரு பகல் வேலை. துவிச்சக்கர வண்டியில் போனால் ஒவ்வொரு வளைவும் நெஞ்சில் பதியும்; கெண்டைக்காலிலும் பதியும்.

2020 மார்ச் 7ஆம் திகதி ஸுபஹுத் தொழுகைக்குப் பின் ஏறாவூரிலிருந்து மூவர் புறப்பட்டோம். நான், புடைவைக் கடை வைத்திருக்கும் என் மச்சான், எங்கள் ஊர் இளம் ஆசிரியர் ஒருவர். நுவரெலியாவிலிருந்து தலவாக்கலை, ஹட்டன், கித்துல்கல, அவிசாவளை என்று இறங்கி, கொழும்பைத் தொட்டு, பேருவளை கெச்சிமலைப் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுத் திரும்புவது எங்கள் நிய்யத். பதினைந்து நாள் கணக்கு. அவசரம் எதுவும் இல்லை. ஏற்றத்தில் இறங்கி உருட்டுவதற்கு வெட்கப்படுவதில்லை என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்டோம்.

வெலிமடையைத் தாண்டினால் உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்ஸும் பாத்தி பாத்தியாக மலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஹக்கலைப் பூங்காவை நெருங்கும்போது காற்று மாறிவிடுகிறது. எங்கள் பகுதியில் மார்ச் மாதத்தில் வியர்வை துடைக்கும் துண்டை, அங்கே காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டோம். வுழூச் செய்ய நீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். குளிரிலும் வுழூவை நிறைவாகச் செய்வதன் சிறப்பை மாணவர்களுக்கு எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். நுவரெலியாவின் ஸுபஹு நேரத்தில்தான் அந்தப் பாடம் எனக்கே நடந்தது.

இதற்கிடையில் செய்தி எங்களைப் பின்தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. இத்தாலியச் சுற்றுலாப் பயணிகளுடன் சென்ற வழிகாட்டி ஒருவருக்குக் கொரோனா தொற்றியிருப்பதாக வெலிமடையில் ஒரு தேநீர்க் கடையில் கேள்விப்பட்டோம். இலங்கையர் ஒருவருக்கு நாட்டுக்குள்ளேயே தொற்றிய முதல் சம்பவம் அது. அதே மார்ச் 11ஆம் திகதிதான் உலக சுகாதார நிறுவனம் இதை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மறுநாள், பாடசாலைகள் மூடப்படும் என்ற அறிவிப்பு. 13ஆம் திகதி நுவரெலியாவில் ஜும்ஆத் தொழுதோம். ஸலாம் சொன்னவர்களில் பாதிப்பேர் கை கொடுத்தார்கள், பாதிப்பேர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள்.

நானுஓயாவிலிருந்து தலவாக்கலை வரையிலான இறக்கத்தை எப்படி எழுதுவது? இருபுறமும் தேயிலை, சீப்பால் வாரிவிட்ட தலை போல. கால் மிதிக்க வேண்டியதே இல்லை, பிரேக்கைப் பிடித்த கைதான் வலிக்கும். தலவாக்கலையைத் தாண்டியதும் சென் கிளேயர் அருவி, அதைத் தொடர்ந்து 97 மீற்றர் உயரத்திலிருந்து விழும் டெவன் அருவி. தோட்டங்களுக்கெல்லாம் வெள்ளைக்காரத் துரைமார் தம் ஊர்ப் பெயர்களை வைத்துவிட்டுப் போனார்கள். கொழுந்து பறிப்பவர்களோ அதே தோட்டங்களுக்குத் தமிழில் வேறு பெயர் வைத்து, அந்தப் பெயராலேயே கல்யாணப் பேச்சுப் பேசுகிறார்கள்.

இந்த மலையின் சரித்திரத்திலேயே நோய் கலந்திருக்கிறது. முதலில் இங்கே நின்றது கோப்பி. 1869இல் கோப்பி இலையில் பிடித்த ஒரு துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் அத்தொழிலையே அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் நட்ட தேயிலைதான் அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். வாந்திபேதியில் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். பிற்காலத்தில் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகே கப்பல் ஏற்றினார்கள். நாம் 2020இல் புதிதாகக் கற்றுக்கொண்ட ‘தனிமைப்படுத்தல்’ இம்மக்களின் பாட்டன்மாருக்குப் பழகிய ஒன்று.

15ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல் ஹட்டனை அடைந்தோம். கடைத்தெருவில் எங்கள் ஊர்த் தொடர்புள்ள ஒரு நானாவின் கடை மாடியில் தங்கினோம். திங்கட்கிழமையை அரசு விடுமுறையாக்கிவிட்டார்கள் என்றும், பள்ளிவாசல்களில் கூட்டுத் தொழுகைகளை நிறுத்தி வைக்குமாறு ஜம்இய்யத்துல் உலமா கேட்டிருக்கிறது என்றும் அடுத்தடுத்துச் செய்திகள். இனி எங்கள் பாதை மேல் மாகாணத்துக்குள் இறங்க வேண்டும். நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டிருந்தது அந்தப் பக்கம்தான்.

மச்சான் வியாபாரி, திரும்பலாம் என்றார். இளம் ஆசிரியருக்கு மனம் வரவில்லை. “இவ்வளவு ஏறி வந்துட்டு, இறக்கம் வாற நேரத்துல திரும்புறதா மௌலவி? அல்லாஹ் நாடினதுதானே நடக்கும்?” என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. இதே கேள்வியை, அவரைவிடப் பன்மடங்கு உயர்ந்த ஒருவர் முன்பே கேட்டிருக்கிறார்.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில் கலீஃபா உமர் (ரழி) அவர்கள் மதீனாவிலிருந்து ஷாம் நோக்கிச் சென்றார்கள். ஸர்ஃக் என்ற இடத்தில் படைத்தளபதி அபூஉபைதா (ரழி) அவர்கள் எதிர்கொண்டு, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருப்பதைத் தெரிவித்தார்கள். உமர் (ரழி) அவர்கள் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், கருத்து இரண்டாயிற்று. அன்ஸாரிகளிடம் கேட்டார்கள், அங்கும் இரண்டாயிற்று. குறைஷிப் பெரியவர்களைக் கேட்டபோதுதான் திரும்புங்கள் என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரழி) அவர்கள் கேட்க, அவனது ஒரு விதியிலிருந்து அவனது இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரழி) அவர்கள் பதில் கூறினார்கள். பிறகு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் வந்து, நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதை அறிவித்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் நுழையக் கூடாது. நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் அதற்கு அஞ்சி வெளியேறவும் கூடாது என்பதே அதன் சாரம். ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது.

இளம் ஆசிரியர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப சைக்கிளை என்ன செய்யிற?” என்றார். முடிவு ஆகிவிட்டது என்று புரிந்துகொண்டோம்.

ஜும்ஆவை நிறுத்துவதா என்று அந்நாட்களில் நம்மில் பலர் கொதித்தார்கள். அவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. இமாம் இப்னு ஹஜர் அல்-அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் கொள்ளைநோய் பற்றித் தனி நூலே எழுதியவர்கள். தம் பெண்மக்கள் மூவரை அந்நோயில் பறிகொடுத்தவர்கள். ஹிஜ்ரி 833இல் கெய்ரோ மக்கள் வெளியே திரண்டு கூட்டுப் பிரார்த்தனை செய்வதற்கு முன் நாளொன்றுக்கு இறந்தவர்கள் 40க்கும் குறைவு என்றும், திரண்ட பின் அது ஆயிரத்தைத் தாண்டியது என்றும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மறுபக்கம், 1344இல் நம் பாவா ஆதம் மலையில் ஏறிய இப்னு பதூதா, 1348இல் டமஸ்கஸில் இத்தகைய ஒரு கூட்டத்தைக் கண்டு, அதன் பின் நோய் தணிந்ததாக எழுதுகிறார். முஸ்லிம்களும் யூதரும் கிறிஸ்தவரும் ஒன்றாக அழுது மன்றாடிய கூட்டம் அது. பயணியின் கண்ணுக்கும் ஆலிமின் கணக்குக்கும் இடையே நான் ஆலிமின் கணக்கையே எடுப்பேன்.

அன்று பின்னேரம் ஒரு வாக்குறுதி பாக்கி இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் கணிதம் கற்பித்த ஒரு நண்பரின் வீடு ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே ஒரு தோட்டத்தில் இருக்கிறது. பாடசாலை மூடியதால் அவரும் வந்திருந்தார். இரவு தங்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். தங்குவதில்லை, பார்த்துவிட்டு வருவோம் என்று போனோம்.

லயத்தை நூல்களில் படித்திருப்பீர்கள். நேரில் பார்ப்பது வேறு. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். ஒரு வீடென்பது 10 அடிக்கு 12 அடி அறை, முன்னால் ஓர் இஸ்தோப்பு. இடையில் ஒற்றைச் சுவர். ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். தண்ணீருக்குப் பொதுவாக ஒரு பீலி. எதிரே பார்த்தால் கண் எட்டிய தூரம் வெறும் மலை.

ஷாமில் அந்தக் கொள்ளைநோய் அபூஉபைதா (ரழி), முஆத் (ரழி) ஆகியோரின் உயிரைக் கொண்டுபோன பின், பொறுப்பேற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்கள் மக்களை மலைகளுக்குப் பிரிந்து போகச் சொன்னார்கள் என்று வரலாறு கூறுகிறது. நெருக்கம் குறைந்தது, நோய் அடங்கியது. இங்கேயோ மக்கள் ஏற்கெனவே மலைமேல்தான் இருக்கிறார்கள். பிரிந்து நிற்க அவர்களுக்கு ஒரு முழ நிலமும் சொந்தமில்லை. ஒரு மீற்றர் தள்ளி நில்லுங்கள் என்ற அறிவுரை அன்று வானொலியில் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது.

நண்பரின் தாயார் எழுபது வயதை நெருங்கியவர். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவர். தலைக்கயிறு அழுத்திய தழும்பு நெற்றிக்கு மேலே தெரிந்தது. “உள்ள வந்து உக்காருங்க தம்பி, வெளிய பனி கொட்டுது” என்றார். “இல்லம்மா, இங்கேயே நல்லாருக்கு” என்று வாசலிலேயே அமர்ந்தோம். பிளேன்டியும் கருப்பட்டித் துண்டும் வந்தன. நாங்கள் உள்ளே வராததற்கு அவர் வேறு காரணம் நினைத்துவிடக் கூடாதே என்று, நண்பரை விட்டு விளக்கிச் சொல்ல வைத்தேன். பல ஊர் சுற்றி, பலர் கையைத் தொட்டு வந்திருக்கிறோம் என்று.

அவர் கவனமாகக் கேட்டார். பிறகு அவர் கேட்டது நான் எதிர்பாராதது. “எம் பேரன் கொழும்புல கடையில நிக்கிறான் தம்பி. பஸ் ஓடுறப்பவே வந்துர்றேன்னு போன் பண்றான். வரச் சொல்லவா, வேணாமா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.”

பகலில் ஹதீஸின் முதல் பாதியை என் சகபயணிக்கு எவ்வளவு எளிதாகச் சொன்னேன்! அது எங்களிடம் கேட்டது ஒரு பயணத்தை மட்டும்தான். வீடு திரும்பினால் எனக்கென்று ஓர் அறை உண்டு, முற்றம் உண்டு, கிணறு உண்டு. இரண்டாம் பாதி ஒரு பத்தொன்பது வயதுப் பையனை, ஊரே மூடப்போகும் வேளையில், தாய்முகம் பாராமல் கொழும்பிலேயே நில் என்கிறது. கட்டளை ஒன்றுதான். அதன் பாரம் எல்லோர் தோளிலும் ஒரே எடையாக விழுவதில்லை.

எங்கள் மார்க்கத்தில் இப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது அம்மா என்று இரண்டு பாதியையும் சொன்னேன். பையனுக்குச் சாப்பாடும் படுக்க இடமும் இருக்கிறதா என்பதை முதலில் உறுதிப்படுத்த வேண்டும் என்றும் சொன்னேன். பசியோடு ஒருவனை நிறுத்தி வைப்பதை மார்க்கம் கேட்கவில்லை. நண்பர் அங்கேயே நின்று கடை முதலாளியிடம் பேசினார். கடை மாடியில் நாலு பையன்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் பொறுப்பேற்றார். தாயார் சற்று நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப இருக்கட்டும். இங்க பன்னெண்டு வீட்லயும் பச்சப்புள்ளைங்க இருக்கு” என்றார். எந்தக் கிதாபையும் திறக்காமல் அவர் வந்து சேர்ந்த இடம் அது.

மறுநாள் சைக்கிள்களை நானாவின் கடைப் பின்கட்டில் வைத்துவிட்டு ரயில் ஏறினோம். ஏழு நாளில் ஏறிய மலையை ரயில் சில மணி நேரத்தில் திருப்பிக் காட்டியது. 17ஆம் திகதி வீட்டில் இருந்தோம். 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை ஜும்ஆ இல்லை. மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு.

ஊரடங்கிலும் தோட்ட வேலை நிற்கவில்லை. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் ஏப்ரல் மாதத்தில் கணினி வழிக்கு மாறி நடந்தது. கொழுந்தை மட்டும் கணினி பறிக்காதே. மார்ச் முதல் கிடைக்கும் என்று சொல்லப்பட்டிருந்த ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் அவ்வாண்டு வரவில்லை. 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. அதே காலத்தில் நம் ஜனாஸாக்களுக்கு நேர்ந்ததை இங்கே விரிக்கப் போவதில்லை. 2020 ஏப்ரலில் வந்த கட்டாய எரிப்பு விதி 2021 பெப்ரவரி கடைசியில்தான் நீங்கி, மார்ச் முதல் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. கண்ணீரோடு எங்களை அழைத்து ஆறுதல் சொன்னவர்களில் அந்த லயத்துத் தாயாரும் ஒருவர்.

பேரன் ஜூன் மாதத்தில்தான் வீடு வந்து சேர்ந்தான். இடையில் சில வாரம் பருப்பும் சோறும் மட்டுமே என்று பிறகு சொன்னான். முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆனாலும் நாலு பையன்கள் ஒரு மாடியில் இரண்டரை மாதம் அடைந்து கிடப்பது லேசான காரியமல்ல. கொழும்புக்குத் திரும்ப அவன் விரும்பவில்லை. ஹட்டனிலேயே, எங்கள் சைக்கிள்கள் நின்ற கடையில் நானா வேலை கொடுத்தார்.

மச்சானுடைய சைக்கிளும் என்னுடையதும் ஒரு மரக்கறி லொறியில் ஊர் வந்து சேர்ந்தன. இளம் ஆசிரியரின் சைக்கிளைத்தான் அவன் வேலைக்குப் போய்வர எடுத்துக்கொண்டான். 2022இல் பெற்றோல் வரிசை மைல் கணக்கில் நீண்டபோது, அந்தத் தோட்டத்தின் மருந்துத் துண்டுகளும் மண்ணெண்ணெய்ப் போத்தலும் அதில்தான் ஹட்டனுக்குப் போய் வந்தன. திருப்பி அனுப்பட்டுமா என்று ஒருமுறை தொலைபேசியில் கேட்டான். “வேண்டாம் தம்பி, ஒரு நாளைக்கு நாங்க வந்து கித்துல்கல பக்கம் இறங்கணும். அதுவரைக்கும் செயினுக்கு எண்ணெய் போட்டு வை” என்றார் ஆசிரியர்.