உப்பும் வெப்பமும்: ஒரு தோல்பவளத்தின் கோடைக் குறிப்பேடு

மே 4

அக்னி நட்சத்திரம் தொடங்கும் இந்நாளில், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்பு ஒன்றிலுள்ள 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில், தோல்பவளம் தன் பாலிப்புகள் அனைத்தையும் உள்ளிழுத்துக்கொண்டு, குடை வடிவ மேற்பரப்பு மெழுகு பூசியதுபோல் பளபளக்கக் காணப்படுகிறது. இதன் பாலிப் என்பது எட்டு உணர்கொம்புகள் கொண்ட சிற்றுயிர். அத்தகைய எண்ணற்ற உயிர்கள் ஒரே தசையில் இணைந்து வாழும் கூட்டமே இப்பவளம். கல் பவளங்களைப் போல் சுண்ணாம்புக் கூடு கட்டாமல், தசைக்குள் நுண்ணிய சுண்ணாம்பு முட்களை மட்டும் கொண்டிருப்பதால் தோல்பவளம் மென்பவளங்களின் வகையில் சேர்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு கல் பவளங்கள் அனைத்தும், அவற்றோடு கரும்பவளம், தீப்பவளம், குழல்பவளம், கடல்விசிறி ஆகியவையும் சேர்க்கப்பட்டன. ஆகவே அப்பட்டியலில் பெயர் இடம்பெறாத இத்தகைய மென்பவளத்தைக் கொண்டே வீட்டுத் தொட்டியின் நோயறிதலை இங்கு விளக்க வேண்டியுள்ளது.

மே 7

பவளம் சுருங்கியிருப்பது மட்டுமே நோயின் அடையாளம் ஆகாது. தோல்பவளம் அவ்வப்போது சில நாள்கள், சில வேளைகளில் இரண்டு வாரம் வரையிலும்கூட, மூடிக்கிடந்து, மேற்பரப்பில் படிந்த பாசியையும் தூசியையும் ஒரு மெல்லிய படலத்தோடு சேர்த்து உரித்துவிடும் இயல்புடையது. படலம் உரியும்போது தசை உறுதியாகவும் தண்டு நிமிர்ந்தும் இருக்குமானால் அது இயல்பான நிகழ்வு. தசை குழைந்து, பழுப்பு நிறச் சளி வழிந்து, அழுகல் நாற்றம் எழுமானால் அது நோய். இன்று குடையின் மேல் படலம் உரியத் தொடங்கியுள்ளது. ஆயினும் தண்டின் அடியில், பாறையைத் தொடும் இடத்தில், விரல் நுனி அளவு தசை பழுப்பேறிக் குழைந்திருப்பதால், இயல்பான உரிதலும் உண்மையான நோயும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன என்று கொள்வதே பொருந்தும்.

மே 10

மருந்து தேடுவதற்கு முன் நீரை அளப்பது இத்துறையின் முதல் நெறி. அம்மோனியா இல்லை, நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராம், காரத்தாங்குதிறன், அதாவது அமிலத்தன்மை சேரும்போது நீரின் நிலையை மாறாமல் காக்கும் ஆற்றல், 8 டிகேஎச். இவை மூன்றும் ஏற்கத்தக்க அளவுகளே. வெப்பநிலையோ காலையில் 28 பாகை செல்சியஸும் பிற்பகலில் 31 பாகையுமாக உள்ளது. தொட்டிப் பவளங்களுக்கு 24 முதல் 27 பாகை வரையிலான வெப்பநிலையே ஏற்றது என்பதால் இந்த உயர்வும், ஒரே நாளில் 3 பாகை ஏறி இறங்குவதும், உயிரைத் தளர்த்தப் போதுமானவை. பவளத் தசைக்குள் வாழ்ந்து, ஒளியிலிருந்து உணவு ஆக்கி, அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்கு அளிக்கும் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள், வெப்பம் மிகும்போது வெளியேறிவிடுகின்றன. நிறமிழந்த அந்நிலையே வெளிறல் எனப்படுகிறது. இப்பவளத்தின் பழுப்பு நிறம் மங்கவில்லை. எனவே வெப்பம் ஒரு காரணமாக இருக்கலாமே தவிர, முழுக் காரணமாகத் தோன்றவில்லை.

மே 12

நீரைக் குளிரவைக்கும் சில்லர் இல்லாத இத்தொட்டியில், மேற்பரப்பில் காற்று வீசும் சிறு மின்விசிறியே குளிர்விக்கும் கருவி. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் வெப்பநிலை 2 பாகை வரை குறைகிறது. ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. எனவே வெப்பத்தைத் தணிக்கும் முயற்சியே உப்புச் செறிவை உயர்த்துகிறது. முள் அசைந்து உப்பளவு காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 என்றே இதுவரை பதிவாகி வந்தது. ஒளி வளைவதைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை, ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள ஒப்பீட்டுக் கரைசலால் சரிபார்த்து அளந்தபோது, உண்மையான அளவு 1.029 எனத் தெரிந்தது. ஹைட்ரோமீட்டரின் முள்ளில் படிந்திருந்த சுண்ணாம்புப் படிவு அதன் எடையைக் கூட்டி, அளவைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. 1.026 என்பதே இயல்பான கடல்நீரின் அளவு, 1.029 என்பது ஆயிரத்துக்கு ஏறத்தாழ 38 முதல் 39 பங்கு உப்பு. பல வாரங்களாக நீர் மாற்றிய ஒவ்வொரு முறையும் புது உப்புநீர் அதே கருவியை நம்பியே கலக்கப்பட்டதால், நோயின் வேர் இங்குதான் உள்ளது.

மே 13

உப்பைக் குறைக்க நன்னீர் வேண்டும். அது எத்தகைய நீர் என்பது இவ்வட்டாரத்தில் எளிய வினா அன்று. மீஞ்சூர், பொன்னேரிப் பகுதிகளில் நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டதால் கடல்நீர் உட்புகுந்து, போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பேறியுள்ளது. மோட்டாரின் பித்தளைப் பாகங்களிலிருந்து கரையும் செம்பு, மிகக் குறைந்த அளவிலும் முதுகெலும்பற்ற கடலுயிர்களுக்கு நஞ்சாகும். கடல்நீரையே எடுத்து வரலாம் என்ற எண்ணமும் இக்கரைக்குப் பொருந்தாது: 2017 ஜனவரியில் எண்ணூர்க்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெயும் இந்நீரின் நிலையைக் காட்டின, பழவேற்காட்டு முகத்துவாரமோ நன்னீரும் உப்புநீரும் பருவந்தோறும் மாறிமாறிக் கலக்கும் இடம். எஞ்சுவது ஆர்ஓ நீர். 2010 முதல் காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் ஆக்கும் ஆலைக்கும் சமையலறை இயந்திரத்துக்கும் நெறி ஒன்றே: மெல்லிய சவ்வின் வழியே நீரை அழுத்தி உப்பைப் பிரிப்பது. ஆனால் குடிநீரில் சுவை கூட்டுவதற்காக, வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் சுத்திகரிக்கப்படாத நீரின் ஒரு பகுதியைக் கலந்து, கரைந்த உப்புகளின் அளவான டிடிஎஸ்ஸை உயர்த்தும் திருகு உள்ளது. அதனை முழுவதும் மூடிய பின்னர், டிடிஎஸ் 90 ஆக இருந்தது 8 ஆக இறங்கியது.

மே 14 முதல் 20 வரை

உப்பு ஏறியது மெதுவாக என்பதால் இறக்குவதும் மெதுவாகவே நடைபெற வேண்டும். உப்பு திடீரெனக் குறைந்தால் செல்களுக்குள் நீர் பாய்ந்து தசை வீங்கிச் சிதையும். ஒப்படர்த்தி 0.001 குறைய, தொட்டி நீரில் சுமார் 6 முதல் 7 லிட்டரை எடுத்துவிட்டு அதே வெப்பநிலையிலுள்ள ஆர்ஓ நீரை ஊற்றுவது போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இவ்வாறு மாற்றியதில் அளவு 1.026ஐ அடைந்தது. இடையே, அடித்தண்டின் அழுகல் மேலே பரவத் தொடங்கியதால் அறுவை தவிர்க்க முடியாததாயிற்று. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பவளத்தைத் தனிப் பாத்திரத்துக் கடல்நீரில் வைத்து, புதிய கத்தியால் அழுகிய பகுதிக்கு மேலே, தசை வெண்மையாகவும் உறுதியாகவும் உள்ள இடத்தில் வெட்டி, அயோடின் கலந்த கடல்நீரில் சில நிமிடம் மூழ்கவைத்து எடுக்க வேண்டும். தோல்பவளத்தின் வழுக்கும் சளியில் பசை ஒட்டாது என்பதால், சிறு பாறைத் துண்டில் வைத்து வலைத்துணியால் தளர்வாகக் கட்டி, மிதமான நீரோட்டத்தில் வைப்பதே வழக்கம். காயமுற்ற தோல்பவளம் மற்ற உயிர்களைத் தாக்கும் வேதிப்பொருள்களை நீரில் விடுவதால், அவற்றை ஈர்க்கும் ஆக்டிவேட்டட் கார்பன் வடிகட்டியில் இடப்பட்டது. இவ்வாரத்தில் வேறு எதுவும், ஒளியின் அளவோ உணவோகூட, மாற்றப்படவில்லை. பலவற்றை ஒருசேர மாற்றினால் எது பயனளித்தது, எது கேடு விளைவித்தது என்பது பின்னர் யாருக்கும் புலப்படாது.

மே 29

அக்னி நட்சத்திரம் முடிந்த நிலையில், குடையின் விளிம்பில் பாலிப்புகள் ஒன்றிரண்டாக வெளிவந்துள்ளன. வெட்டுவாய் மூடித் தசை பாறையைப் பற்றத் தொடங்கியுள்ளது. அசையும் முள்ளுள்ள கருவி கைவிடப்பட்டது. ஆவியாகும் நீரை நாள்தோறும் அதே அளவு ஆர்ஓ நீரால் ஈடுசெய்வது வழக்கமாக்கப்பட்டது. மின்தடை நீடிக்கும் பிற்பகல்களுக்காக மின்விசிறியும் நீரோட்டப் பம்பும் இன்வெர்ட்டரோடு இணைக்கப்பட்டன.

இதே மாதங்களில் மன்னார் வளைகுடாவில் நிகழ்வதோடு ஒப்பிட்டால் இக்குறிப்பேட்டின் எல்லை விளங்கும். 1986ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அப்பகுதியின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத் திட்டுகள், ஏப்ரல் முதல் ஜூன் வரை நீர் 30 பாகையைக் கடக்கும்போது வெளிறுகின்றன. 2010இலும் 2016இலும் அது கடுமையாக நேர்ந்தது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் அத்திட்டுகளைத் தொடர்ந்து அளந்து, சிதைந்த இடங்களில் பவளத் துண்டுகளை நட்டு மீட்டெடுத்து வருகிறது. 2016இன் வெளிறலுக்குப் பின் உயிர்ப்பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்ததை அதன் ஆய்வே காட்டியது. அங்கு வெப்பநிலையை அளக்க முடிந்தாலும் இறக்கும் ஆற்றல் எவருக்கும் இல்லை; தென்மேற்குப் பருவக்காற்று எழுந்து கடலைக் கலக்கினால்தான் வெப்பம் தணியும். 200 லிட்டரில் ஒரே வாரத்தில் திருத்த முடிந்த பிழையைக் கடலில் திருத்த முடியாது என்பதே, அங்கிருந்து ஒரு பவளக் கிளையையும் வீட்டுத் தொட்டிக்காக ஒடிக்கலாகாது என்னும் சட்டத்தின் நியாயம்.