சூளை எரியும் வாரம்

காக்கேதிக்கு ஒரு சனி, ஞாயிறு போய்வரலாம் என்று திட்டமிடுகிறவர்கள் முதலில் பார்ப்பது, எந்த ஒயின் ஆலையில் எத்தனை வகை சுவைக்கத் தருகிறார்கள் என்பதைத்தான். திபிலிசியின் சுற்றுலா முகவர்களும் அப்படித்தான் நாளை நிரப்பித் தருகிறார்கள். காலையில் இரண்டு ஆலை, மதியம் விருந்து, மாலையில் சிக்நாகி மதில்மேல் நின்று ஒரு படம். அலசானி ஆற்றுச் சமவெளியும் அதற்கப்பால் எழும் காக்கசஸ் மலைத்தொடரும் அழகுதான், அதில் குறை இல்லை. ஆனால் ஜார்ஜியாவின் இந்தக் கிழக்குப் பகுதியில் தட்டுக்கும் கோப்பைக்கும் வருவதெல்லாம் சிலருடைய கைவேலை. அந்த வாரம் அவர்கள் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்று விசாரித்து அதன்படி பயணத்தை அமைத்துக்கொண்டால், அதே இரண்டு நாள் வேறு நாளாகிவிடும்.

நான் முதலில் விசாரித்தது குயவரை. காரணம், இங்கே மரபான ஒயின் மரப்பீப்பாயில் விளைவதில்லை; மண்ணுக்குள் கழுத்துவரை புதைத்த க்வெவ்ரி என்னும் பெரிய மண்தாழியில் விளைகிறது. எனக்காகத் தொலைபேசியில் பேசியவன் திபிலிசியில் மருத்துவம் படிக்கும் தூத்துக்குடிப் பையன். அந்த நகரத்து மருத்துவப் பல்கலைக்கழகங்களில் இந்திய மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வார்டில் நோயாளிகளிடம் பேசிப் பேசிக் கற்ற ஜார்ஜிய மொழி இவனுக்குச் சரளமாக வந்தது. “சூளைக்கு நெருப்பு வச்சிட்டாங்களாம் அண்ணே. சனிக்கிழமை வந்தா நல்லா எரியுற நேரமாம். ஆனா அவங்க உக்காந்து பேசுவாங்கன்னு எதிர்பார்க்காதீங்க, தூக்கமே இல்லையாம்” என்றான். அக்டோபர் தொடக்கம். திராட்சை அறுவடையும் முடியும் தறுவாயில் இருந்தது. அந்த வாரத்தைவிட நல்ல வாரம் அமையாது என்று கிளம்பினோம்.

திபிலிசியிலிருந்து தெலாவிக்கு கொம்போரி கணவாய் வழியாகப் போவது குறுக்குவழி. காட்டுக்குள் வளைந்து 1,600 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் பாதை. இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். வண்டியை நாமே ஓட்டக் கூடாது. போகுமிடமெல்லாம் குடிக்கச் சொல்லி வற்புறுத்துவார்கள், மறுப்பது எளிதல்ல.

வர்திசுபானி போலத் தெலாவியைச் சுற்றியுள்ள சில ஊர்களில்தான் காக்கேதியின் தாழிக்காரர்கள் இருக்கிறார்கள். நாங்கள் போன வீட்டின் பின்கட்டில் நீளமான கொட்டகை. அதற்குள் அடுத்த சூளைக்கான தாழிகள் வரிசையாக நின்றன. சில இடுப்பளவு, சில தலைக்கு மேல். அடி கூர்ந்து, வயிறு பருத்து, வாய் குறுகிய வடிவம். பையன் சற்று நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, “ஆதிச்சநல்லூர்த் தாழி மாதிரியே இருக்குல்லா அண்ணே” என்றான். அவன் ஊர்ப்பக்கத்துத் தாழிகளை நினைத்தது இயல்புதான். வேலைப்பாடு மட்டும் நான் பார்த்த எதையும் போல இல்லை.

இதற்குச் சக்கரம் கிடையாது. பிசைந்த களிமண்ணை மணிக்கட்டுப் பருமனில் உருட்டி, முந்தின சுற்றின் விளிம்பில் வைத்து, உள்ளிருந்து ஒரு கையும் வெளியிலிருந்து ஒரு கையும் கொடுத்து அழுத்தி இழுக்கிறார்கள். ஒரு தடவைக்கு ஒரு சாண் உயரம்கூட ஏற்றுவதில்லை. கீழேயுள்ள மண் தன் எடையைத் தாங்கும் அளவுக்கு இறுகிய பிறகே அடுத்த சுற்று. அவசரப்பட்டால் வயிறு சரிந்துவிடும். நேரம் விட்டால் விளிம்பு காய்ந்து அடுத்த சுற்று ஒட்டாது. அதனால் ஒரே சமயத்தில் பல தாழிகளை வரிசையாக எழுப்புகிறார்கள். ஒன்று இறுகும்வரை அடுத்ததில் கை. ஆயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும் தாழி இப்படி வாரக்கணக்கில் வளர்கிறது. வளர்ந்த பிறகு நிழலில் வாரக்கணக்கில் காய்கிறது. மழைக்காலத்து ஈரக்காற்று வந்தால் இன்னும் தாமதம்.

சூளை கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. ஓர் அறையளவு செங்கல் கட்டு. தாழிகளை உள்ளே நிறுத்திய பிறகு வாசலையே செங்கல் வைத்து அடைத்துவிட்டு, விறகு போட ஒரு துளை மட்டும் விட்டிருந்தார்கள். முதல் நாட்களில் தணலாகவே வைத்திருப்பார்களாம். மண்ணுக்குள் மிஞ்சிய ஈரம் மெல்ல வெளியேற வேண்டும். ஈரம் இருக்கும்போது தீயைக் கூட்டினால் தாழி வெடிக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் நிற்பதையும் கெடுக்கும். பிறகுதான் படிப்படியாக ஏற்றி ஆயிரம் பாகைக்கு மேல் கொண்டுபோகிறார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் இரவும் பகலும் யாராவது ஒருவர் விறகோடு அந்தத் துளையின் முன் இருந்தாக வேண்டும். குயவருக்கு அறுபதை நெருங்கும் வயது. அவரும் மகனும் முறை வைத்திருந்தார்கள். துளைக்குள் தெரியும் தீயின் நிறத்தைப் பார்த்து எவ்வளவு விறகு என்று முடிவு செய்தார். கருவி ஏதும் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

எரித்து முடித்து ஆறவிடும்போது, தாழியில் இளஞ்சூடு இருக்கும் நேரம் பார்த்து உட்புறம் தேன்மெழுகு பூசுவார்கள். சூட்டில் உருகிய மெழுகு சுவரின் நுண்துளைகளுக்குள் இறங்கும். முழுவதும் அடைத்துவிடக் கூடாது. ஒயின் கசியாத அளவுக்கு, சுவர் மூச்சு விடும் அளவுக்கு. அதைப் பார்க்க வேண்டுமென்றால் அடுத்த வாரம் வந்திருக்க வேண்டும்.

அவரை அதிகம் கவலைப்படுத்துவது விரிசல்தான். தாழியைப் புதைத்த பிறகு வெளிப்புறத்தை யாரும் பார்க்க முடியாது. மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் ஒரு குடும்பத்தின் ஓராண்டு விளைச்சல் மண்ணுக்குள் போய்விடும். அதனால் கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் விரல்கணுவால் தட்டிக் கேட்கிறார். நின்று ஒலித்தால் நல்ல தாழி. அடைத்த ஒலி வந்தால் அதை விற்பதில்லை. ஒயின் புட்டியில் தோட்டத்தின் பெயர், திராட்சையின் பெயர், ஆண்டு எல்லாம் அச்சடிக்கிறார்கள். தாழி வனைந்தவர் பெயரை நான் கையில் எடுத்துப் பார்த்த எதிலும் காணவில்லை. இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். க்வெவ்ரி என்ற சொல்லைச் சொல்லித்தான் அந்தப் புட்டி விலை போகிறது. வனைகிற குடும்பங்களோ நாடு முழுவதும் விரல்விட்டு எண்ணும் அளவே மிஞ்சியிருக்கின்றன.

மதிய உணவுக்கு ஆலை விருந்தைத் தேடாமல் ரொட்டிச் சூளைக்குப் போனோம். தோனே எனப்படும் மண் அடுப்பு நம் தந்தூரி அடுப்பின் இனம், ஆனால் ஆழமும் அகலமும் அதிகம். ரொட்டிக்காரர் மாவை இரு முனையும் கூராக இழுத்து, இடுப்புவரை அடுப்புக்குள் கவிழ்ந்து, சுவரில் அறைந்துவிட்டு எழுகிறார். தலைமயிர் பொசுங்கும் வெப்பத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை அப்படிக் கவிழ்வாரோ. வெந்ததை நீண்ட கொக்கியால் எடுத்துக் கையில் தருகிறார். அந்தச் சூட்டிலேயே பிய்த்து, உப்பு தூக்கலான ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியோடும், வறுத்த வாசம் வீசும் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றிய தக்காளி, வெள்ளரியோடும் சாப்பிட்டோம். காக்கேதியில் நான் மிகவும் ரசித்த உணவு இதுதான்.

மாலை ஒரு குடும்பத்தின் மரானிக்குள் போனோம். தரைக்கு மேல் தாழியின் வாய்கள் மட்டும் தெரியும் பாதாள அறை. ர்காத்சிதெலி வெள்ளைத் திராட்சையை மிதித்துச் சாறோடு தோல், கொட்டை, காம்பு எல்லாவற்றையும் சேர்த்தே இட்டிருந்தார்கள். அது பொங்கிக்கொண்டிருந்தது. தோல் மேலே மிதந்து மூடி கட்டிவிடும்; காற்றுப்பட்டால் காடியாகிவிடும் என்பதால் நாளுக்கு நாலைந்து முறை நீண்ட கட்டையால் உள்ளே அமுக்குகிறார்கள். நள்ளிரவிலும் ஒரு முறை. வீட்டுக்காரம்மா கட்டையை என் கையில் தந்தார். நினைத்ததைவிடக் கனமான வேலை. பொங்கல் அடங்கிச் சக்கை அடியில் இறங்கியதும் கல்மூடி போட்டுக் களிமண்ணால் அடைத்து ஏறக்குறைய ஆறு மாதம் விட்டுவிடுவார்கள். கூர்ந்த அடியில் கொட்டையும் கசடும் ஒதுங்க, சுற்றிலும் உள்ள மண் சீரான குளிர்ச்சியைத் தருகிறது. வசந்தத்தில் திறக்கும்போது வெள்ளைத் திராட்சையின் ஒயின் தேன்நிறத்துக்கு வந்திருக்கும். பிறகு தாழியைக் கழுவ வேண்டும். நீண்ட கழியில் கட்டிய செர்ரி மரப்பட்டைத் தூரிகையால் தேய்த்து, வெந்நீரும் சுண்ணாம்பும் விட்டு, ஊற்றிய தண்ணீர் குடிக்கும் அளவுக்குத் தெளிந்து வரும்வரை கழுவுகிறார்கள். பெரிய தாழிகளுக்குள் ஆளே இறங்குவதும் உண்டு. இந்த வேலையை எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை.

இந்த முறையை யுனெஸ்கோ 2013-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் சேர்த்தது. திபிலிசிக்குத் தெற்கே கதாச்ரிலி கோராவில் கிடைத்த பானை ஓடுகளில், கிமு 6000 அளவிலேயே திராட்சை ஒயின் இருந்ததற்கான தடயம் உண்டு என்று 2017-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 8,000 ஆண்டு என்ற எண்ணை இப்போது எல்லா ஆலை வாசலிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அண்மைக் காலம். சோவியத் ஆலைகளுக்குத் தாழி தேவைப்படவில்லை. 1985-இல் கொர்பச்சோவின் மதுவிலக்கு இயக்கத்தில் திராட்சைக் கொடிகளே வெட்டப்பட்டன. 2006-இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை விதித்தது. 2013-இல்தான் மீண்டும் வாங்கத் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் புதிய சந்தை தேடியவர்கள், பாட்டன் தோண்டி வைத்த தாழியை மறுபடி திறந்தார்கள். அப்போது புதுத் தாழி கேட்டு ஆள் வந்தபோது வனையத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பது பெரிய நற்பேறு. வேலை இல்லாத காலத்திலும் கைவிடாதிருந்தவர்களுக்கு அந்த நாடு கடன்பட்டிருக்கிறது.

இரவு உணவில் வீட்டுக்காரர் போன குளிர்காலத்தில் கவாத்து செய்த கொடிக்குச்சிகளை எரித்து, அந்தத் தணலில் பன்றி இறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுட்டார். சைவக்காரர்கள் இங்கே பட்டினி கிடக்க வேண்டாம். அக்ரூட் விழுது தடவிச் சுருட்டிய கத்தரிக்காயும், மண்சட்டியில் வெந்த பயறும், கீரையை அக்ரூட்டோடு அரைத்துப் பிடித்த உருண்டையும் எந்த வீட்டிலும் உண்டு.

ஞாயிறு காலை தெலாவிச் சந்தை, பிறகு அலவெர்தியின் 11ஆம் நூற்றாண்டுப் பேராலயம். துறவிகள் இன்றும் தாழியில் ஒயின் வடிக்கிறார்கள். அறைக்குள் போக முன்கூட்டியே கேட்க வேண்டும். நாங்கள் வெளியிலிருந்து பார்த்துவிட்டுக் குர்ஜானி வழியாகத் திரும்பினோம், அது சற்றுச் சுற்றுவழி என்றாலும். சாலையோர வீடொன்றில் சுர்ச்கேலா தோய்த்துக்கொண்டிருந்தார்கள். நூலில் கோத்த அக்ரூட் பருப்பை, சுண்டக் காய்ச்சி மாவு சேர்த்த திராட்சைச் சாற்றில் முக்கி எடுத்துக் கம்பில் மாட்டுகிறார்கள். காய்ந்ததும் மறுபடி முக்கு. அண்டாவின் முன் நின்ற பெண் துடுப்பை ஒரு நொடியும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் அடிப்பிடிக்குமாம். எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டோம். கையால் வளைத்துக் காட்டினார். புதியது ஒடியாமல் வளைகிறது; மேலே வெள்ளையாகச் சர்க்கரை பூத்தது நாள்பட்டது, அதுவும் கெட்டதில்லை என்றார்.

அக்டோபரில் போக முடியாதவர்கள் ஏப்ரலைப் பார்க்கலாம். தாழிகளைத் திறக்கும் காலம் அது. ஆட்டுக்கறியைப் பச்சைப் புளிப்புப் பிளம்ஸோடும் தாரகன் இலையோடும் வேகவைக்கும் சாகபூலி அப்போதுதான் சுவையாக இருக்கும். வனைவதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கோடை. குயவரை இரவில் கூப்பிடுங்கள். பகலில் கையெல்லாம் மண்ணாக இருக்கும், எடுக்க மாட்டார்.