தேய்வதும் காலாவதியாவதும்

மணி பார்க்க இன்றைக்கு யாருக்கும் வாட்ச் தேவையில்லை. சட்டைப்பையில் இருக்கும் போனோடு நேரத்தில் போட்டி போட, நான் சர்வீஸ் செய்து கொடுக்கும் எந்தச் சாவி வாட்சாலும் முடியாது. வாட்ச் ரிப்பேர் செய்பவன் பழைய வாட்சைப் புகழ்ந்தால், பிழைப்புக்காகச் சொல்கிறான் என்றுதான் நினைப்பார்கள். ஆகவே, தோற்ற கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எச்எம்டி ஜனதா என்ற சாவி வாட்சில் பேலன்ஸ் வீல் நொடிக்கு ஐந்து அடி அடிக்கிறது. மணிக்கு 18,000, ஒரு நாளைக்கு 4,32,000. நன்றாகச் சர்வீஸ் செய்த ஜனதா ஒரு நாளில் அரை நிமிடம் முன்னே பின்னே போனால் நான் குறை சொல்ல மாட்டேன். செல் போட்ட குவார்ட்ஸ் வாட்சில் இருக்கும் படிகமோ நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சாதாரணமாக அது மாதத்துக்கே கால் நிமிடம்தான் பிசகும். ஸ்மார்ட்வாட்ச் போனிடமிருந்தே நேரத்தை வாங்கிக்கொள்கிறது. 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சைகோ அஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் வாட்ச் விற்பனைக்கு வந்தபோதே துல்லியப் போட்டி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் சாவி வாட்சை எடுத்துக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் இளைஞர்கள். காரணம் அழகு, கௌரவம், தாத்தாவின் நினைவு என்று அவரவர் ஒன்று சொல்வார்கள். என் மேசையிலிருந்து பார்த்தால் தெரியும் காரணம் வேறு.

வரும் ஜனதாக்களில் பலவற்றுக்கு ஒரே வியாதிதான்: சாவி கொடுத்தால் ஓடும், அரை நாளில் நின்றுவிடும். பின்மூடியைத் திறந்ததும் முதல் வேலை, ஸ்பிரிங்கில் மிச்சமிருக்கும் விசையை மெல்ல இறக்குவது. அதைச் செய்யாமல் ஸ்க்ரூவில் கை வைத்தால் சக்கரங்கள் ஒரே சுழலாகச் சுழன்று பல்லை உடைத்துக்கொள்ளும். பிறகு பேலன்ஸ், பேலட், சக்கரங்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பேன். ஐ கிளாஸ் வழியே பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். பல வருடத்துக்கு முன் யாரோ வைத்த எண்ணெய், காய்ந்த பலாப்பால் மாதிரி அச்சு முனைகளில் பிடித்திருக்கும். ஸ்பிரிங் முழு முறுக்கில் இருக்கும்போது அந்தப் பிசினை இழுத்துக்கொண்டு ஓடும். விசை குறையக் குறைய முடியாமல் நின்றுவிடும்.

கழுவிய பின் கற்களைப் பார்க்க வேண்டும். ஜனதாவில் 17 கற்கள், எல்லாம் செயற்கை மாணிக்கம். கூராகச் சீவிய குச்சியை ஒவ்வொரு கல் துளையிலும் விட்டுச் சுழற்றினால், கழுவியும் போகாத கறுப்பு குச்சி முனையில் ஒட்டி வரும். குச்சி வெள்ளையாக வரும்வரை சீவிச் சீவித் துடைக்க வேண்டியதுதான். அடுத்தது எண்ணெய். கூடினால் பரவிக் கெடுக்கும், குறைந்தால் உலோகம் தேயும். பேலட்டின் அச்சில் வைக்கவே கூடாது. கடைசியாகப் பேலன்ஸை இறக்கி ஸ்க்ரூவை முடுக்கியதும், சாவி இரண்டு சுற்று கொடுத்தால் போதும், அதுவாகவே ஆடத் தொடங்கிவிடும்.

இன்னொரு ரகம் உண்டு. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வாட்ச் திடீரென்று ஒரு நாளைக்குப் பல நிமிடம் வேகமாக ஓடும். அதன் பக்கத்தில் ஒரு சின்னத் திசைகாட்டியை வைத்துப் பார்ப்பேன். முள் துடித்தால் காந்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பேலன்ஸை ஆட்டும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தது போலாகி அடி வேகமாகும். ஸ்பீக்கர், போன் உறை, கைப்பையின் காந்தப் பட்டன் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். காந்தம் நீக்கும் கருவியில் சில நொடி பிடித்தால் சரியாகிவிடும்.

இந்த இயந்திரத்தின் ஒவ்வொரு குறைக்கும் கண்ணுக்குத் தெரியும் காரணம் ஒன்று உண்டு. அந்தக் காரணம் இருக்கும் இடத்துக்கு ஒரு சாமணமும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போய்ச் சேரும்.

ஸ்மார்ட்வாட்சை நான் இளக்காரமாகப் பேசுவதில்லை. ஒரு பையன் வந்து, "அண்ணே, அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு. புதுசா ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் குடுக்கட்டுமா, இல்ல அவரு பழைய வாட்சையே சரி பண்ணித் தர்றீங்களா?" என்றான். "டாக்டரைக் கேட்டுட்டு அதை வாங்கிக் குடு தம்பி. இதையும் வெச்சிட்டுப் போ" என்றேன். ஒழுங்கற்ற இதயத் துடிப்பைக் கண்டு சொல்வது, கீழே விழுந்தால் வீட்டுக்குத் தகவல் அனுப்புவது, இதெல்லாம் ஜனதாவால் ஆகாத காரியம்.

ஆனால் ஸ்மார்ட்வாட்ச் பழுதாகி என் மேசைக்கு வரும்போது எனக்குச் செய்ய ஒன்றும் இருப்பதில்லை. பேட்டரி உப்பித் திரையைத் தூக்கியிருக்கும். பசை போட்டு ஒட்டியதைச் சூடு காட்டிப் பிரித்தால், மறுபடி தண்ணீர் புகாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பேட்டரி மாற்றி உயிர் கொடுத்தாலும் மென்பொருள் கைவிட்டுவிடும். ஆப்பிள் 2015-இல் 18 காரட் தங்கத்தில் ஒரு வாட்ச் விற்றது. விலை 10,000 டாலரில் தொடங்கியது. 2018-இல் வந்த புதிய மென்பொருள் அந்த முதல் தலைமுறை வாட்சுகளில் ஏறவில்லை. தங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பல்கூடத் தேயாமல் அது பழசாகிவிட்டது.

சாவி வாட்ச் தேய்கிறது, ஸ்மார்ட்வாட்ச் காலாவதியாகிறது. தேய்ந்ததை மாற்றலாம், நிரப்பலாம், தீட்டலாம். காலாவதி என்பது எங்கோ ஓர் அலுவலகத்தில் எடுக்கும் முடிவு. அதன்மேல் என் சாமணம் வேலை செய்யாது. கட்டியிருப்பவருக்கும் அதில் சொல்ல ஒன்றுமில்லை. விலை அதிகமான போனைக் கையில் வைத்திருக்கும் பையன்கள் குறைந்த விலை ஜனதாவைத் தேடி வருவதற்கு, அவர்களே சொல்லாவிட்டாலும், இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அதற்காகச் சாவி வாட்ச் சாகாவரம் பெற்றது என்று சொன்னால் அது வியாபாரப் பேச்சு. ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது எச்எம்டி. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸை நம்பி இறங்கியபோது எச்எம்டியின் சரிவும் தொடங்கியது. 2016-இல் எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் தந்துவிட்டது. இன்றைக்கு ஒரு ஜனதாவுக்குப் பேலன்ஸ் வேண்டுமென்றால் இன்னொரு ஜனதாவைப் பிரித்துத்தான் எடுக்கிறோம். கம்பெனி போடாத நிறத்தில் டயல் அடித்து, நாலு வாட்சின் பாகங்களை ஒன்றாகக் கோத்து 'பழைய ஒரிஜினல்' என்று விற்பவர்களும் பெருகிவிட்டார்கள். ரிப்பேர் கற்றுக்கொள்ள வரும் பையன்களோ அருகிவிட்டார்கள். பாகமும் ஆளும் இருக்கிறவரைதான் இந்த வாட்சின் ஆயுள்.

வீட்டில் பழைய சாவி வாட்ச் இருந்தால், ஓடுகிறதா என்று பார்க்க முறுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். எண்ணெய் காய்ந்த இயந்திரம் ஓடுகிற ஓட்டத்திலேயே தன்னைத் தேய்த்துக்கொள்ளும். முதலில் சர்வீஸுக்குக் கொடுங்கள். பிறகு நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை போதும். கொடுக்கும்போது, "திறந்து காட்டுங்க, என்ன கோளாறுன்னு நானும் பார்க்கிறேன்" என்று கேளுங்கள். காட்ட மறுக்கிற கடையில் கொடுக்காதீர்கள். கோளாறை உங்கள் கண்ணாலேயே பார்க்க முடிகிற வாட்சைத்தானே கையில் கட்டியிருக்கிறீர்கள்.