கத்தி படுவதற்கு முன்

பெருமாள்மலையில் காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலை வெந்நீர் போடுவதுதான். கத்தரியும் சீப்பும் அப்புறம். பனிக்காற்றில் பைக் ஓட்டி வந்து இறங்குகிறவரின் கன்னம் சில்லிட்டிருக்கும். தோல் சிலிர்த்து ஒவ்வொரு மயிர்க்காலும் புள்ளி புள்ளியாக மேடிட்டு நிற்கும். அந்த மேட்டின் நுனியைத்தான் பிளேடு சீவிவிடுகிறது. அதனால் சேவிங்குக்கு வருகிறவர்கள் கொஞ்சநேரம் பெஞ்சில் உட்கார்ந்து உடம்பு சூடேறட்டும். பிறகு வெந்நீரில் பிழிந்த துண்டு இரண்டு மூன்று நிமிடம் தாடிமேல் கிடக்கட்டும். தண்ணீர் குடித்த முடி இளகிக்கொடுக்கும், கத்தியை அழுத்த வேண்டியிருக்காது. “பஸ் வந்துடும், சீக்கிரம் முடிங்கண்ணே” என்பவருக்குக் கட்டிங் மட்டும் செய்து அனுப்பிவிடுவேன். தாடி இன்னொரு நாளைக்கு.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வராதீர்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே இறுகும். இந்த மலையில் பாதி நாள் அது பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்தே கிடக்கிறது. எண்ணெய்த் தலையில் முடி கற்றையாக ஒட்டிக்கொள்வதால் சுழி எங்கே, எந்தப் பக்கம் படிகிறது என்று பிடிபடாது. இரட்டைச் சுழிக்காரர் உச்சியில் ஒட்ட வெட்டச் சொன்னால் முடி குத்திட்டு நிற்கும். போனில் நடிகர் படத்தைக் காட்டும் பையன்களுக்கு முதலில் அவர்கள் சுழியைத்தான் காட்டுகிறேன். சுருட்டை முடி ஈரத்தில் நீளமாகத் தெரியும், காய்ந்ததும் மேலே ஏறிக்கொள்ளும். “கொஞ்சமா வெட்டுங்க” என்றால் ஆளுக்கொரு அளவு, விரலால் காட்டிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் வேண்டிக் கேட்பது, எதையும் மறைக்காதீர்கள் என்பதைத்தான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சர்க்கரை இருக்கிறதா, பிடரியில் கட்டியோ படர்தாமரையோ இருக்கிறதா, உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். எங்கள் முன்னோர் ஊருக்கு வைத்தியம் பார்த்தவர்கள், வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தவர்கள். எங்களிடம் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. தெரிந்தால் வேறு சீப்பு எடுப்பேன், அந்த இடத்தைத் தொடாமல் விடுவேன், இல்லையென்றால் டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொல்வேன். தெரியாமல் போனால் படர்தாமரை மிஷின் வழியாக அடுத்த தலைக்குப் போய்விடும். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாள்கூட உயிரோடு இருக்கக்கூடியது. ஆகவே பிளேடு உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். அதற்குக் கோபித்துக்கொள்ளும் கடையில் உட்காராதீர்கள். ஒருவர் ரத்தத்தில் தேய்த்த படிகாரக் கட்டியை இன்னொருவர் முகத்தில் தேய்ப்பதும் தப்பு. நான் பொடித்து வைத்துப் பஞ்சில் தொட்டு ஒற்றுகிறேன்.

கழுத்தைச் சொடுக்கிவிடச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. வெடுக்கென்று திருப்பும்போது கழுத்தெலும்பு வழியே மூளைக்கு ஏறும் ரத்தக்குழாய் கிழிந்தால் பக்கவாதத்தில் முடியும். செய்யமாட்டேன். தோளைப் பிடித்துவிடுகிறேன், போதும்.

பழனியில் முடி இறக்கி, சந்தனம் பூசிய தலையோடு இந்த வழியாகக் கொடைக்கானல் ஏறும் குடும்பங்களைத் தினமும் பார்க்கிறேன். அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் முடி காணிக்கைக்குக் கட்டணம் கிடையாது. அங்கேயும் புது பிளேடா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலே வந்தால் குழந்தைகளுக்குக் குல்லா போடுங்கள். 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக்கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். குளிரில் வெயில் உறைக்காது, ஆனால் மொட்டைத் தலையைச் சுட்டுவிடும். மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்பதும் உண்மையல்ல. வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, கத்தி அங்கே போவதில்லை. நேர்த்திக்கடன் என்றால் செய்யுங்கள். அடர்த்திக்காகக் குழந்தையை அழவைக்க வேண்டாம்.

ஒன்று முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். சாதி பார்த்து முடிவெட்ட மறுப்பது 1955ஆம் வருடத்துச் சட்டப்படி குற்றம். இன்னும் மறுக்கிற ஊர்கள் இருக்கின்றன என்பது எங்கள் தொழிலுக்கு அவமானம். என் கடையில் முதலில் வந்தவர் முதலில் உட்காருவார். அதில் சங்கடப்படுகிறவர்கள் வர வேண்டாம். செவ்வாய்க்கிழமை கடை கிடையாது. ஞாயிறு காலை கூட்டம் நெரியும். சின்னப் பிள்ளைகளைப் புதன், வியாழனில் கூட்டி வாருங்கள், அவர்கள் பயம் தெளிகிறவரை காத்திருக்க எனக்கு நேரம் இருக்கும்.