ஒரு குரோஸ் அலமாரி

எங்கள் தெருவில் அம்மாவைக் கைகாரி என்பார்கள். பாராட்டுகிறார்களா, பொடி வைத்துப் பேசுகிறார்களா என்பது சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். கிழிந்த குடைத்துணியில் எனக்குப் பள்ளிக்கூடப் பை தைத்துக் கொடுத்தபோது சொன்னது பாராட்டு. மளிகைக்கடையில் பேசிப் பேசியே உடைந்த அப்பளத்தைக் கால் விலைக்கு வாங்கி வந்தபோது சொன்னது வேறு. அம்மா இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் சிரிப்பாள்.

ஒன்பது வருடம் கழித்து சிவகாசிக்குப் போனேன். அம்மாவைப் பார்க்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சிங்கப்பூரில் அப்படித்தான் சொல்லி லீவு வாங்கினேன். ஆனால் அம்மாவை வாரம் இரண்டு தடவை போனில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது அவள் செய்த அலமாரி.

சிராங்கூன் சாலைக் கடையொன்றில் அரிசி வாங்கியதற்கு ஒரு தினசரி காலண்டர் இனாமாகக் கொடுத்தார்கள். அட்டையில் லட்சுமி. சந்தேகமில்லாமல் எங்கள் ஊர் அச்சு. ஒரு நிறம்கூட இம்மி விலகவில்லை. அந்த லட்சுமியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டு லட்சுமிக்கு இரண்டு உதடு. சிவப்பு தள்ளி விழுந்ததால் கழித்துவிட்ட தாள். அப்பா அச்சாபீசில் கட்டிங் மெஷினில் இருந்தார். அவர் கொண்டுவரும் வேஸ்ட் ஷீட்டில்தான் எங்கள் நோட்டுகளுக்கெல்லாம் அட்டை. அந்த இரண்டு உதட்டு லட்சுமியை மட்டும் அம்மா எடுத்து வைத்து அலமாரியின் முதுகில் ஒட்டினாள்.

அலமாரி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு முழ அகலம், ஒரு சாணுக்கும் குறைவான உயரம். பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு தீப்பெட்டி. மொத்தம் நூற்று நாற்பத்து நான்கு, ஒரு குரோஸ். மேப்பெட்டிகளை அடுக்கி ஒட்டிவிட்டு அடிப்பெட்டிகளை உள்ளே செருகினால் அவ்வளவும் இழுப்பறை. பிடித்து இழுக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டைப் பொத்தான் தைத்திருப்பாள். எதில் ஊக்கு, எதில் ஜாக்கெட் கொக்கி, எதில் கீரை விதை, எதில் தம்பியின் முதல் பல் என்று அம்மாவுக்கு மட்டும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் தப்பாது.

தீப்பெட்டி எங்கள் வீட்டில் விளையாட்டுச் சாமான் இல்லை, சோறு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் படித்து வந்து 1923-இல் இங்கே தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தொழிலின் ஒரு துணுக்கு எங்கள் திண்ணை வரைக்கும் வந்தது. கேரளத்து மட்டி மரத்தை வெற்றிலை கனத்தில் சீவி, மடிக்கிற இடத்தில் கோடு போட்டுக் கட்டுக்கட்டாகக் கொடுப்பார்கள். கோட்டில் மடிக்கணும், நீலத்தாளைச் சுற்றணும், பசை தடவின ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுக்கணும். பெட்டி கோணினால் குச்சி அடைக்கும்போது இழுபடும், கழித்துவிடுவார்கள். கழிவுக்குக் கூலியில் பிடித்தம் உண்டு.

ஏழு வயதிலிருந்து நானும் ஒட்டினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து விளக்கு வைக்கும்வரை. நான் ஒட்டினதில் ஒரு பெட்டிகூடக் கழிந்ததில்லை. அந்தப் பெருமை எனக்கு இப்போதும் உண்டு. கணக்குத் தேர்வில் வாங்கிய மார்க்கைவிட அதைத்தான் பிள்ளைகளிடம் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

ஒருமுறை அலுவலகத் தோழியிடம் சொல்லிவிட்டேன். அவள் கண் கலங்க, "நீ குழந்தைத் தொழிலாளியா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அது அவள்மேல் வந்ததா என்று இன்றும் தெரியவில்லை. 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் வீட்டோடு குடும்பத்தோடு செய்கிற வேலையை விலக்கி வைத்தது. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளை வைத்து நடந்த வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது. அம்மாவிடம் யார் வசூலிப்பது? நான் தொழிலாளி இல்லை, மகள். விடிகாலை ஆலை வண்டியில் தூக்கக் கலக்கத்தோடு ஏறிப் போன பிள்ளைகளோடு ஒப்பிட்டால் நான் ராணி. இதெல்லாம் அந்தத் தோழிக்கு எப்படிச் சொல்ல?

தேரடியும் பத்ரகாளியம்மன் கோயிலும் பஜாரும் அப்படியே இருந்தன. ஊர் 2021-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. எங்கள் தெரு இன்னும் வாசலில் கட்டில் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் தெற்குச் சுவரைப் பார்த்தேன். அலமாரி இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் பச்சையாக இருந்தது. அதைத் தாங்கியிருந்த இரண்டு ஆணியிலும் வயர் கூடைகள் தொங்கின.

"அலமாரி எங்கேம்மா?"

"எந்த அலமாரி?"

"தீப்பெட்டி அலமாரி."

"அதுவா? கரையான் அரிச்சு நாலஞ்சு வருசம் ஆச்சேடி. வெந்நி அடுப்புல போட்டேன். நல்லாத்தான் எரிஞ்சுச்சு."

எனக்கு அழுகை முட்டியது. ஐம்பது வயதுக்காரி ஒரு தீப்பெட்டி அலமாரிக்காக அழக் கூச்சமாக இருந்ததால் சண்டை போட்டேன். ஏன் சொல்லவில்லை, போட்டோவாவது எடுத்திருக்கலாமே, எத்தனை தடவை போனில் பேசினோம். அம்மா காது கொடுக்கவில்லை. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தாள். உள்ளே பொத்தான்கள். "எண்ணிக்கோ. நூத்து நாப்பத்தொண்ணு இருக்கும். மூணு சட்டைக்குப் போயிருச்சு."

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள். "கம்பெனிப் பசையில மயில்துத்தம் போட்டிருப்பாக. பாச்சை, எலி வாய் வைக்காது. அலமாரி செய்யும்போது உன் தம்பி தவழுற பிள்ளை. கண்டதையும் நக்குவான். அதான் வெறும் மைதாவைக் கிண்டி ஒட்டினேன். கரையானுக்கு விருந்து வச்ச மாதிரி ஆயிருச்சு." பிறகு, "போதாக்குறைக்குப் பெட்டியும் எல்லாம் கோணல். நல்ல பெட்டியா இருந்தா இன்னும் நின்னிருக்கும்."

"கோணல் பெட்டியை வச்சு எதுக்குச் செஞ்ச?"

அதற்குப் பதில் வரவில்லை. அடுப்பில் பால் என்று எழுந்து போனாள்.

அம்மா பிறந்த ஊர் விருதுநகர். அங்கே மிளகாயும் மல்லியும் பருப்பும் ஏலக்காயும் விளைவதில்லை, விலைதான் விளையும். எண்ணெயில் பொரித்த பரோட்டாவை விட்டால் அந்த ஊர் எதைச் செய்கிறது என்று அப்பா கேலி பண்ணுவார். செய்கிற ஊருக்கு எண்ணத் தெரியாது என்பாள் அம்மா. எந்தப் பொருளையும் ஒரு பார்வையில் கொள்முதலும் கூலியுமாகப் பிரித்துவிடுவாள். தீப்பெட்டி விலை 2007-இல் ஒரு ரூபாய் ஆனது. 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய். "பதினாலு வருசம் ஒரே விலைக்கு விக்கிற பொருள் வேற ஏதாச்சும் இருக்கா சொல்லு" என்று கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பெட்டி ஒட்டுகிற வேலையை அம்மா எப்போதோ விட்டுவிட்டாள். மரச்சீவல் போய் அட்டை வந்துவிட்டது.

இப்போது வயர் கூடை. மத்தியானமானால் நாலைந்து பெண்கள் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். அதில் ஒருத்தி இருபது வருடம் சரவெடி பின்னினவள். பேரியமும் சரவெடியும் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு அந்த வேலை அவள் கையைவிட்டுப் போய்விட்டது. திரியைத் திரியோடு பின்னின விரல் வயரில் என்ன வேகமாக ஓடுகிறது! அம்மா ஒரு முடிச்சுப் போடுவதற்குள் அவள் மூன்று போடுகிறாள். நெல்லிக்காய்ப் பின்னல், பிஸ்கட் முடிச்சு, சிவன் கண். அவளைக் காட்டி, "மதினி கைக்கு முன்னால நான் கத்துக்குட்டி" என்றாள் அம்மா. எழுபத்தாறு வயதில் அதைச் சொல்வதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. "மருந்து மணம் இல்லாம வீட்டுக்குப் போறேன், அது போதும்" என்றாள் அந்த மதினி. கூலி முன்பு கிடைத்ததில் பாதிகூட இல்லை என்பதையும் அதே மூச்சில் சொன்னாள்.

அம்மாவின் புதுத் திட்டம் எனக்குத் தெரியவந்தது மூன்றாம் நாள். என் மடிக்கணினியைக் காணோம். தேடினால் திண்ணையில், காலண்டர் தாள் சுற்றி, சணல் கட்டி, பொட்டலமாக இருக்கிறது. சுற்றிலும் சிவப்பும் கறுப்புமாக வயர். வயரில் மடிக்கணினிப் பை பின்னப் போகிறாளாம், சிவன் கண் பின்னலில். உள்ளே கிழிந்த பட்டுப்புடவையில் உறை. மேலே மூடுவதற்கு ஜிப் வைப்பதா, பொத்தான் வைப்பதா என்பது மட்டும் தீரவில்லை.

"அதுக்குள்ள என் வேலை இருக்கும்மா!"

"உள்ளதான இருக்கு? நான் வெளியிலதான பின்னுறேன்?"

சிங்கப்பூரில் இது எத்தனை வெள்ளிக்குப் போகும் என்று கேட்டாள். சொன்னேன். மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். வயர், துணி, மதினிக்குக் கூலி, எனக்குத் தபால் செலவு. எல்லாம் போக மிச்சத்தைச் சொல்லிவிட்டு, "நீயும் ஒரு கை பிடி. சும்மாதான இருக்க" என்றாள்.

இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டுப் பின்னினேன். முதல் வரிசை தளர்வு, இரண்டாவது இறுக்கம். மூன்றாவதில் சிவனுக்குக் கண் திறந்தது. ஒரு பக்கம் முழுவதும் நான் போட்டது. அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, கை இன்னும் மறக்கல" என்றாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைக் கூப்பிட்டும் காட்டினாள். எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

அன்று ராத்திரி ஒரு மணி இருக்கும், தண்ணீர் குடிக்க எழுந்தேன். திண்ணையில் டியூப் லைட் எரிந்தது. கால் நீட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. ஊசிமுனையால் முடிச்சை நெம்பி நெம்பி, சத்தம் வராமல் ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னிய பக்கம்.

நிலைப்படியில் நின்றுகொண்டே இருந்தேன். நிழல் விழுந்திருக்க வேண்டும். நிமிர்ந்தாள்.

"நீ போய்ப் படு. வயர் கொஞ்சம் முறுக்கிக்கிச்சு, அதான்."