பாடுபவரும் பெறுபவரும்

2007ஆம் ஆண்டின் கோடையில் நாங்கள் நால்வர் திருச்சி உறையூரில் ஒரு மொட்டைமாடி அறையில் குடியிருந்தோம். நால்வருமே ஒரே கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவர்கள். தமிழ், ஆங்கிலம், வரலாறு, கணிதம் என்று துறைகள் வேறு, வறுமை ஒன்று. அறையில் இருந்த ஒரே ஆடம்பரம், வீட்டுக்காரர் எங்கள் தலையில் கட்டிவிட்ட பழைய தொலைக்காட்சிப் பெட்டி. அதில் ஸ்டார் வேர்ல்ட் அலைவரிசையில் ‘அமெரிக்கன் ஐடல்’ பார்க்கும் வழக்கத்தை ஆங்கிலத் துறை நண்பர் தொடங்கிவைத்தார். உச்சரிப்புப் பழகுவதற்காக என்று சொன்னார். இரண்டே வாரங்களில் நால்வரும் அதற்கு அடிமையாகிவிட்டோம். உச்சரிப்பு மட்டும் இன்றளவும் அப்படியே இருக்கிறது.

அது அந்தப் போட்டியின் ஆறாவது பருவம். நண்பர்களில் சிலருக்குச் சஞ்சயா மலக்கார் என்ற பதினேழு வயதுப் பையனை நினைவிருக்கலாம். தந்தை வங்காளி. வாரம் ஒரு விதமாகத் தலைமுடியைச் சிங்காரித்துக்கொண்டு வந்து, சுருதியைப் பற்றி அதிகம் கவலைப்படாமல் பாடிவிட்டுப் போவான். நடுவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். மக்கள் வாக்களித்து அவனைக் காப்பாற்றுவார்கள். இந்தியரத்தம் என்ற ஒரே காரணத்துக்காக நாங்களும் சில வாரம் அவன் பக்கம் இருந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 18 அன்று அவன் வெளியேறியதும் அறை பல கட்சிகளாகப் பிரிந்தது. பல ஆண்டுகள் பிறருக்குப் பின்பாட்டுப் பாடிவிட்டு முதன்முறையாக முன்னால் வந்து நின்ற மெலிண்டா டூலிட்டில்தான் உண்மையான பாடகி என்று தமிழும் ஆங்கிலமும் வாதிட்டன. கணிதத்தார் ஜோர்டின் ஸ்பார்க்ஸ் என்ற பதினேழு வயதுப் பெண்ணுக்கு. வரலாற்றுத் துறைக்காரர் எப்போதும்போல் எவருக்கும் இல்லை. கடைசியில் மே மாதம் ஜோர்டின்தான் வென்றார் என்பதைக் கணிதத்தார் இன்றும் சந்திக்கும்போதெல்லாம் நினைவூட்டத் தவறுவதில்லை.

இந்த வாதங்களில் ஒரு விநோதம் இருந்தது. எங்களில் எவருக்கும் வாக்கு கிடையாது. வாக்களிப்பு அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டும். வாக்கில்லாத தொகுதியின் தீவிரத் தொண்டர்களாக நாங்கள் நள்ளிரவுவரை கத்திக்கொண்டிருப்போம்; கீழ்வீட்டு அம்மா படியில் நின்று இருமுவார்; அடங்குவோம்.

ஏப்ரல் 24, 25 ஆகிய இரு நாட்களும் ‘ஐடல் கிவ்ஸ் பேக்’ என்ற பெயரில் அறக்கொடை நிகழ்ச்சியாக அமைந்தன. பிரிட்டனில் ‘காமிக் ரிலீஃப்’ என்ற நகைச்சுவை நிதி இயக்கத்தை 1985இல் தொடங்கியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் கர்ட்டிஸ் இதற்கும் பின்னால் இருந்தார். முதல் நாள் ஆறு போட்டியாளர்கள் நம்பிக்கையூட்டும் பாடல்களைப் பாடினார்கள். அன்றிரவு விழும் ஒவ்வொரு வாக்குக்கும் பத்து சென்ட் தருவதாக நியூஸ் கார்ப்பரேஷன் அறிவித்திருந்தது. முதல் 5 கோடி வாக்குகளுக்கு மட்டும், அதாவது 50 லட்சம் டாலர்வரை. விழுந்தவையோ 7 கோடிக்கும் மேல். கணிதத்தார் தாளை எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டு, “ரெண்டு கோடி ஓட்டு வெறும் பாசத்துக்கு விழுந்திருக்குய்யா” என்றார். அது கேலியா பாராட்டா என்பது அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் நிகழ்ச்சியில் பெருங்கலைஞர்கள் வரிசையாக வந்தார்கள். 1977இல் இறந்துபோன எல்விஸ் பிரெஸ்லி, பழைய ஒளிப்பதிவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, செலின் டியானுக்குப் பக்கத்தில் நின்று சேர்ந்து பாடினார். “செத்தவரையும் நிதி திரட்ட அழைச்சுட்டாங்க” என்றார் வரலாற்றுத் துறைக்காரர். பாட்டுகளுக்கு இடையிடையே அமெரிக்காவின் ஏழைப் பகுதிகளிலும் ஆப்பிரிக்காவிலும் எடுத்த காட்சிகள். எவரையும் கடுஞ்சொல்லால் கிழித்துப்போடும் நடுவர் சைமன் கோவெல், தொகுப்பாளர் ரையன் சீக்ரெஸ்டுடன் கென்யாவின் குடிசைகளுக்குள் குனிந்து நுழைந்துகொண்டிருந்தார். நோயாளிகள், பெற்றோரை இழந்த சிறுவர்கள், இருண்ட அறைகள். உடனே மேடை, விளக்கு, இன்னொரு பாட்டு, தொலைபேசி எண்.

இறுதியில் முடிவு அறிவிக்கும் கட்டம். ஒவ்வொருவராகக் காப்பாற்றப்பட்டு ஜோர்டின் மட்டும் எஞ்சினார். அதிர்ச்சியான முடிவு என்று தொகுப்பாளர் இழுத்தார். கணிதத்தார் எழுந்து நின்றுவிட்டார். பிறகுதான், இத்தகைய இரவில் எவரையும் அனுப்ப மனமில்லை, இன்று வெளியேற்றம் கிடையாது என்று சொன்னார்கள். அரங்கம் ஆர்ப்பரித்தது. எங்கள் ஆங்கிலத் துறை நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உண்மையான சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த ஒரு வாரத்துக் கருணை அடுத்த வாரக் கணக்கில்தான் எழுதப்பட்டிருந்தது. இரு வார வாக்குகளையும் கூட்டி அடுத்த வாரம் இருவரை அனுப்பினார்கள். வரலாற்றுத் துறைக்காரர் இதைப் பிடித்துக்கொண்டார். அரசர்கள் பட்டாபிஷேகத்தன்று தூக்குத்தண்டனையை ஒத்திவைப்பதுபோல என்றார். அந்தக் குழந்தைகளை எதற்காகக் காட்டுகிறார்கள், பணம் வேண்டுமென்றால் பணத்தைக் கேட்கலாமே, ஒருத்தி சாகக் கிடப்பதை இரண்டு பாட்டுக்கு நடுவே வைப்பானேன் என்று கேட்டார். கணிதத்தார் விடவில்லை. பத்து டாலருக்கு ஒரு கொசுவலை. பணம் பெறும் அமைப்புகளில் மலேரியா ஒழிப்புக்கான அமைப்பும் இருக்கிறது. வலைக்குள் தூங்கும் பிள்ளைக்கு அந்த வலை எல்விஸின் ஆவி வாங்கித் தந்ததா, அரசாங்கம் வாங்கித் தந்ததா என்பது ஒரு பொருட்டா என்றார். மொத்தத்தில் அந்த ஆண்டு திரண்டது 7 கோடியே 60 லட்சம் டாலர். இந்த எண்ணுக்கு முன்னால் வரலாற்றுத் துறைக்காரர் சற்றே தடுமாறினார் என்றுதான் சொல்ல வேண்டும். நாங்கள் இன்றும் கணிதத்தாரின் வாதத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாதவர்களாகவே இருக்கிறோம்.

(பிற்பாடு அந்த இளக்கமும் குறைந்துபோயிற்று. 2008இல் அறக்கொடை இரவுக்கு மறுநாளே மைக்கேல் ஜான்ஸ் வெளியேற்றப்பட்டார். 2009இல் நிகழ்ச்சியே நடக்கவில்லை. 2010இல் அறக்கொடை இரவிலேயே ஒருவர் விடைபெற்றார். வரலாற்றுத் துறைக்காரர் கேட்ட கேள்வியைப் பிரிட்டனில் பலரும் கேட்கத் தொடங்கி, காமிக் ரிலீஃப் தன் புகழ்பெற்ற முகங்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிப் படமெடுக்கும் வழக்கத்தைக் கைவிடுவதாக 2020இல் அறிவித்தது. அவருக்குச் செய்தியை அனுப்பினோம். “பதிமூணு வருஷம்” என்று மட்டும் பதில் வந்தது.)

அந்த நாட்களில் முதுகலை மாணவர்களுக்குச் சிறுபாணாற்றுப்படை நடந்துகொண்டிருந்தது. ஆற்றுப்படை என்பது, பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் எதிர்ப்படும் இன்னொரு பாணனுக்கு வழிகாட்டுவது என்று இலக்கணம் சொல்லிவிட்டு எளிதாகக் கடந்துவிடுவோம். நல்லூர் நத்தத்தனார் நல்லியக்கோடனைப் பாடும் அந்த நூலில் ஓரிடத்தில் எவரும் அவ்வளவு எளிதாகக் கடக்க முடிவதில்லை. பாணனின் பழைய வீடு வருகிறது. அடுக்களையில் குட்டி போட்ட நாய். கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத மடியை இழுக்க, தாங்காமல் குரைக்கிறது. கூரை இற்று விழுகிறது, சுவரில் கறையான், தரையில் காளான். குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள் அவள். உண்பதற்கு முன் வாசற்கதவை அடைத்துவிடுகிறாள். வறுமை வருவது இயல்பென்று அறியாதவர்கள் பார்த்துவிடக் கூடாது என்ற நாணம். பிறகுதான் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள்.

வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கென்யக் குடிசைக்குள் குனிந்து நுழைந்த ஒளிப்படக்கருவி நினைவுக்கு வந்தது. அடைத்த கதவைத் திறப்பதல்லவா அது என்று தோன்றியது. அறைக்கு வந்து சொன்னதும் ஆங்கிலத் துறை நண்பர் ஒரே வாக்கியத்தில் கவிழ்த்தார்: “அந்தக் கதவை அவ அடைச்சா, உங்க புலவர் தொறந்து உலகத்துக்கே காட்டிட்டாரே?” சரியான கேள்வி. நெடுநேரம் யோசித்துக் கிடைத்த பதில் ஒன்றுதான்: அது பாணன் சொல்லும் தன் வீட்டுக் கதை. தன் பசியைத் தானே பாட்டில் வைத்து, பாடியே பரிசில் பெறுகிறான். பாடுகிறவனும் பெறுகிறவனும் ஒருவனே. ஐடல் மேடையில் பாடுபவர் வேறு, பெறுபவர் வேறு. பெறுபவருக்குப் பாட்டு இல்லை. இந்தப் பதிலில் நாங்கள் மிகவும் பூரித்துப்போனோம். கட்டுரையாக எழுதிக் கருத்தரங்கில் வாசிக்கலாம் என்றுகூடப் பேசிக்கொண்டோம்.

இவ்வளவும் அறிந்தவர்கள்தாம் நாங்கள். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தைக்குக் கல்குவாரியில் அடிபட்டு வேலை போயிற்று. விடுதிப் பாக்கியும் தேர்வுக் கட்டணமும் சேர்ந்து அவன் படிப்பை நிறுத்தும் நிலை. நாங்கள்தாம் யோசனை சொன்னோம்: பாட்டுப் போட்டி நடத்துவோம். நுழைவுச்சீட்டு பத்து ரூபாய். பிடித்த பாடகருக்கு வாக்கு ஒன்றுக்கு ஒரு ரூபாய். எத்தனை வாக்கும் போடலாம். யோசனை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மாணவர்கள் துள்ளினார்கள். போட்டிக்கு இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள்.

அதில் அவன் பெயரும் இருந்தது. நன்றாகப் பாடுவான். கோயில் திருவிழாக்களில் பாடிப் பழகிய திறந்த குரல். பெயரைப் பார்த்ததும் எங்களுக்குச் சங்கடமாயிற்று. பயனாளியே போட்டியிட்டால் வாக்கு அனுதாபத்துக்கு விழும், மற்றவர்களுக்கு நியாயமாக இராது என்று கூடி முடிவெடுத்தோம். நால்வரும் ஒருமனதாக. வரலாற்றுத் துறைக்காரர்கூட மறுக்கவில்லை. அவனை அழைத்துச் சொன்னபோது, “ஐயா, போட்டியில வேணாம்யா. சும்மா ஒரு பாட்டு பாடிட்டு வாங்கிக்கிறேனே” என்றான். நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது தம்பி என்றோம். அது உண்மையும்கூட.

பாட்டுக்கு நடுவே திரையில் காட்ட அவன் வீட்டைப் படமெடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எங்களில் இருவர் ஒளிப்படக்கருவி இரவல் வாங்கிக்கொண்டு பேருந்தில் போனோம். அவன் தாயார் எங்களைத் திண்ணையில் உட்காரவைத்து, “செத்த இருங்க சார்” என்று உள்ளே போனார். போனவர் கால்மணி நேரம் வரவில்லை. வந்தபோது வாசல் தெளித்திருந்தது, தலை வாரியிருந்தார், பெட்டியிலிருந்து எடுத்த மடிப்பு கலையாத பட்டுச்சேலை கட்டியிருந்தார். கதவருகே வந்து நேராக நின்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்தச் சேலையோடு எடுத்தால் நிலைமை தெரியாது. “நீங்க ஒக்காருங்கம்மா, வீட்ட மட்டும் எடுத்துக்கறோம்” என்றோம். அவர் நகர்ந்து நின்றார். ஓடு சரிந்த கூரை, காரை பெயர்ந்த சுவர், உள்ளே இருட்டு எல்லாம் தெளிவாக விழுந்தன.

நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. பதினொராயிரத்துச் சொச்சம் சேர்ந்தது. கட்டணம் முழுவதையும் கட்டினோம். மேடையில் உறையை வாங்கும்போது அவன் கைகுவித்து நின்றான், எவரையும் பார்க்கவில்லை. கைதட்டல் ஓய நெடுநேரமாயிற்று. படிப்பை முடித்தான்; இப்போது ஓர் ஊரில் நல்ல வேலையில் இருப்பதாகக் கேள்வி. அந்த ஆண்டு விழாவிலோ பிரிவுபசாரத்திலோ எவர் அழைத்தும் பாடவில்லை. ஒருமுறை வற்புறுத்தியபோது, தொண்டை சரியில்லை ஐயா என்றான்.

கணிதத்தாரிடம் அண்மையில் இதைப் பற்றிப் பேசினோம். கட்டணம் கட்டினோமா இல்லையா, அவன் பட்டம் வாங்கினானா இல்லையா என்று பழைய குரலிலேயே கேட்டார். வாங்கினான் என்றோம். சற்று நேரம் கழித்து அவரே, “ஒரு பாட்டுதானேய்யா கேட்டான்” என்றார்.

ஆறாண்டுகளுக்கு முன் வீடு மாறும்போது பழைய விடைத்தாள் கட்டுகளுக்கு இடையே அந்தப் படச்சுருளின் பிரதிகள் கிடைத்தன. வீட்டைப் பல கோணங்களில் எடுத்த ஏழு படங்கள். ஏழில் ஒன்றில், இடது ஓரத்தில், சட்டகத்துக்குள் தவறி விழுந்ததுபோல ஒரு துண்டு பட்டுக்கரை தெரிகிறது. அரக்கு நிறம்.