ஒரு குழாயா, இரண்டு குழாயா?



பிக்கப் வண்டி நிற்கும் வீடுகளில் இந்தக் கேள்வி ஒருமுறையாவது எழாமல் இருப்பதில்லை. வண்டிக்குப் பின்னால் ஒரு புகைக்குழாய் போதுமா, இரண்டு வேண்டுமா? கேட்பவன் மகன். பணம் கொடுக்க வேண்டியவர் தகப்பன். இருவருக்கும் நடுவில் நின்று தவிப்பவள் தாய்.

"எக்சோஸ் குழாய்தானே, இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று சிரிக்காதீர்கள். செம்பனைக் குலை ஏற்றுவதும், விடியற்காலையில் காய்கறியைச் சந்தைக்குக் கொண்டு போவதும், உர மூட்டை சுமப்பதும் இன்று அந்த வண்டிதான். பல குடும்பங்களுக்கு அதுவே சோறு போடுகிறது. அதில் கைவைக்கும் முன் நான்கு விஷயம் தெரிந்துகொள்வது நல்லதல்லவா? தோட்டத்து லோரிகளுக்கடியில் பல வருடம் படுத்து எழுந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குழாயின் வேலை என்ன?

இஞ்சினுக்குள் எண்ணெய் எரிகிறது. எரிந்த புகை வெளியே போனால்தான் புதுக்காற்று உள்ளே வரும். மனிதன் மூச்சு விடுவதைப் போலத்தான். நான்கு சிலிண்டர் டீசல் இஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை புகையைத் தள்ளும். ஆக நிமிடத்துக்கு 4000 தடவை புகை வெளியே பாய்கிறது. அந்த வேகத்தையும் சூட்டையும் சத்தத்தையும் அடக்கி, வண்டியின் வால் பக்கம் கொண்டுபோய் விடுவதுதான் புகைக்குழாயின் வேலை. நடுவில் இருக்கும் சைலன்சர் சத்தத்தைக் குறைக்கிறது.

இரண்டு குழாய் எங்கிருந்து வந்தது?

இது அமெரிக்காவில் பிரபலமான பழக்கம். அங்கே ஃபோர்டு நிறுவனம் 1932-ல் சாதாரண மக்கள் வாங்கும் விலையில் வி8 இஞ்சின் காரைக் கொண்டுவந்தது. வி8 என்றால் எட்டு சிலிண்டர். பக்கத்துக்கு நான்காக இரண்டு வரிசை. இரண்டு வரிசையிலிருந்தும் தனித்தனியாகப் புகை வருவதால், ஆளுக்கு ஒரு குழாய் போட்டால் மூச்சு எளிதாகும். அதில் நியாயம் இருக்கிறது. இன்றுகூட ஃபோர்டு ரேஞ்சர் ராப்டர் 3.0 லிட்டர் வி6 பெட்ரோல் வண்டி, தொழிற்சாலையிலிருந்தே இரண்டு குழாயோடுதான் வருகிறது.

நம் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் ஓடும் பிக்கப்புகள் எப்படி? ஹைலக்ஸ், டீமேக்ஸ், டிரைட்டன், நவாரா என்று எதைத் திறந்து பார்த்தாலும் பெரும்பாலும் நான்கு சிலிண்டர் டீசல் இஞ்சின்தான். நான்கும் ஒரே வரிசையில் நிற்கும். புகை முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து டர்போவுக்குள் நுழைந்து, அங்கிருந்து ஒரே வாசல் வழியாக வெளியே வருகிறது. வாசல் ஒன்றாக இருக்கும்போது, வால் பக்கத்தில் இரண்டாகப் பிரித்து என்ன லாபம்? லயத்துக்கு வரும் ஒரே தண்ணீர்க் குழாயின் முனையில் இரண்டு பைப்பு பொருத்தினால் தண்ணீர் இரட்டிப்பாகுமா?

சின்னக் கணக்கு

"அப்படியென்றால் பெரிய குழாய் போட்டால்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

குழாய்க்குள் எவ்வளவு இடம் என்பதை ஒப்பிட, அதன் அகலத்தை அதே எண்ணால் பெருக்குங்கள். 2 அங்குலக் குழாய்க்கு 2 பெருக்கல் 2, அதாவது 4. அதுபோல் இரண்டு குழாய் என்றால் 8. ஒரே ஒரு 3 அங்குலக் குழாய்க்கு 3 பெருக்கல் 3, அதாவது 9. பார்த்தீர்களா? இரண்டு சின்னக் குழாயைவிட ஒரு பெரிய குழாயில் இடம் அதிகம். இரும்பும் குறைவு, கனமும் குறைவு. புகை உரசிக்கொண்டு போகும் சுவரும் குறைவு.

பெரிய குழாயும் எல்லாருக்கும் தேவை என்று நான் சொல்லவில்லை. இஞ்சினின் சக்தியைக் கூட்டி, டர்போவின் அழுத்தத்தையும் எண்ணெயின் அளவையும் மாற்றியவர்களுக்கு அது உதவும். கம்பெனி கொடுத்தபடியே ஓட்டுகிறவருக்குக் கம்பெனிக் குழாயே போதும். அந்த இஞ்சினுக்கு அளந்துதான் அதைப் போட்டிருக்கிறார்கள்.

மேடும் பள்ளமும்

நகரத்துச் சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு இன்னொரு குழாய் சுமையில்லை. தோட்டத்துப் பாதை அப்படியா? இரண்டு பக்கமும் லோரிச் சக்கரம் பதிந்து, நடுவில் செம்மண் மேடு கட்டியிருக்கும். இரண்டாவது குழாய் அந்த மேட்டில் உரசுவதற்கு இன்னொரு இடம். மேலும் பிக்கப்பின் அடியில்தான் ஸ்பேர் டயரும், எண்ணெய்த் தாங்கியும், பிரேக் குழாயும் இருக்கின்றன. கம்பெனிக் குழாய் அவற்றுக்கு விலகிப் போகும்படி வளைக்கப்பட்டது. புதுக்குழாயை இடமிருக்கிற பக்கமெல்லாம் நுழைத்தால், சூடு எதைச் சுடும் என்று யாருக்குத் தெரியும்?

துருவும் உண்டு. எண்ணெய் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. குழாய் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகவே வெளியே போய்விடும். புகை இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொரு குழாய்க்கும் பாதிச் சூடுதான் கிடைக்கும். தோட்டத்துக்கும் கடைக்கும் என்று குறுகிய தூரம் ஓடும் வண்டியில் தண்ணீர் உள்ளேயே தங்கி, சைலன்சரை அரிக்கும். அதோடு செம்பனைக்குப் போடும் உரத்தின் உப்புத் தூளும் வெளியிலிருந்து அரித்தால் கேட்கவா வேண்டும்?

மருமகனுக்குச் சொன்னது

என் அக்காள் மகனுக்கு இந்த ஆசை வந்தது. வண்டி வாங்க முன்பணம் கட்டியது அத்தானின் சேமநிதிப் பணம். முப்பது வருடத்துக்கு மேல் குலை வெட்டி, 55 வயதில் எடுத்த பணம். அதனால் அக்காளுக்கு வயிற்றில் நெருப்பு. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மாமா, கூட்டாளிங்க எல்லாரும் ரெண்டு குழாய் போட்டிருக்காங்க. பவர் கூடுமாம். பட்டறையில சொன்னாங்க" என்றான்.

நான் அவனைத் திட்டவில்லை. லோரியின் பின்னால் நின்றுகொண்டே வேலைக்குப் போய் வந்த குடும்பத்தில், சொந்த வண்டியில் உட்கார்ந்து ஓட்டும் முதல் பிள்ளை அவன். தன் வண்டி நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்று நினைப்பது ஒரு குற்றமா? வாசகர்களே, உங்கள் பிள்ளையின் ஆசையையும் ஏளனம் செய்யாதீர்கள். ஏளனம் செய்தால் உங்களுக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டு வருவான்.

நான் மேலே சொன்ன கணக்கைச் சொன்னேன். தலையை ஆட்டினான், மனம் மாறவில்லை. பிறகு ஒன்று கேட்டேன். "தைப்பூசத்துக்குப் பத்துமலை போறப்ப, நெரிசல்ல மணிக்கணக்கா வண்டி நிக்குமே. இஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கும். பின் சீட்டுல யார் தூங்குவா?"

"தங்கச்சி பிள்ளைங்க" என்றான்.

"குழாயை வெட்டி ஒட்டுன இடம் ஒவ்வொண்ணும் புகை கசியக்கூடிய இடம், தம்பி. அது வண்டிக்குள்ள வந்தா?"

அவன் பதில் பேசவில்லை. புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் மயக்கமும் வரும். அளவு மிஞ்சினால் உயிரையே குடிக்கும். பெட்ரோல் இஞ்சினைவிட டீசலில் அது குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 2012-லேயே அறிவித்துவிட்டது.

மறுவாரம் அவனே வந்து, "மாமா, ஒண்ணே இருக்கட்டும். முனைக்கு மட்டும் ஒரு சில்வர் மூடி போட்டுக்கிறேன்" என்றான். அக்காள் அன்று பசியாறும்போது இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

சத்தமும் சட்டமும்

நம் நாட்டில் வாகனச் சத்தத்துக்கு 1987-லும், டீசல் புகைக்கு 1996-லும் விதிகள் வந்தன. சைலன்சரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுவது கெட்டிக்காரத்தனமில்லை, அபராதத்துக்கு அழைப்பு. சில புது வண்டிகளில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி குழாயோடு சேர்ந்தே இருக்கும். அதை எடுத்துவிட்டால் பவர் வரும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கரி பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மூச்சில்தான் போய்ச் சேரும். வண்டிக்கு உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால், குழாயை மாற்றும் முன் விற்ற இடத்தில் கேட்டுவிடுங்கள்.

விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புகிறவர் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். இரவு வேலை முடித்து வந்தவரும், கைக்குழந்தைக்காரியும் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார்கள்.

பணத்தை எங்கே போடலாம்?

2024 ஜூன் 10-ஆம் தேதி, தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். பிக்கப்பை வைத்துப் பிழைப்பவர் ஒவ்வொரு சொட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டிய காலம். வண்டி இழுக்கவில்லை என்றால் குழாயைப் பார்ப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்:

காற்று வடிகட்டி தூசியால் அடைத்திருக்கிறதா? எண்ணெய் வடிகட்டி மாற்றி எத்தனை நாளாயிற்று? டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயில் வெடிப்பு உண்டா? டயரில் காற்று சரியா?

புகையின் நிறமும் பேசும். கறுப்பு என்றால் காற்றுப் போதவில்லை, அல்லது எண்ணெய் அதிகம் பாய்கிறது. நீலம் என்றால் இஞ்சின் ஆயில் எரிகிறது. சூடான பின்னும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் தண்ணீர் உள்ளே கசிகிறதா, டீசல் சரியாக எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கோளாறு எதையும் இரண்டாவது குழாய் தீர்க்காது.

பழைய குழாய் ஓட்டை விழுந்து மாற்றத்தான் வேண்டும் என்றால், அதே அளவில் ஒற்றைக் குழாயாக, துருப்பிடிக்காத இரும்பில் போடுங்கள். ஒட்டு குறைவாக இருக்கட்டும். முனை வண்டியின் வாலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். வேலை முடிந்ததும் இஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு ஒட்டிலும் புகை கசிகிறதா என்று பட்டறைக்காரரிடம் கேட்டுச் சரிபார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். மீதமாகும் பணத்தில் நல்ல டயர் போடுங்கள். மழை நாளில் செம்மண் சரிவில் உங்கள் பிள்ளையைப் பிடித்து நிறுத்தப்போவது அதுதான்.